அதிகாரியிடம் கேட்க வேண்டியது ஒரு கையெழுத்து

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. நடுவில் மூன்று பேர் கால்வாயை வளைத்து வரப்பும் போட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மூன்று முறை மனு கொடுத்தோம். எம்எல்ஏவைப் பார்த்தோம், "பார்க்கலாம்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. எப்படி எழுதினால், எப்படிப் பேசினால் கேட்பார்கள்? மூன்றாவது மனுவின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

மனுவின் நகலைச் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. அதை வைத்தே பேசலாம். நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருடங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வரும் மனுக்களைப் பிரித்து அனுப்பும் பிரிவில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் மேஜையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனு இரண்டரைப் பக்கம். பொருள் என்ற இடத்தில் "ஏரியைக் காப்பாற்ற வேண்டுதல் தொடர்பாக" என்று இருக்கிறது. முதல் பக்கம் முழுக்க ஏரியின் வரலாறு. இரண்டாம் பக்கத்தில் ஐந்து கோரிக்கைகள்: கால்வாயைத் தூர்வார வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும், மதகைச் சரி செய்ய வேண்டும், சீமைக்கருவேல மரங்களை வெட்ட வேண்டும், கரை மேல் சாலை போட வேண்டும். கடைசியில் "தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." எழுதியவரின் வருத்தம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அது என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன்.

குறைதீர்க்கும் நாளில் ஒரு மாவட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மனுக்கள் வரும். உங்கள் மனுவுக்கு ஆட்சியரிடம் கிடைத்தது ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோ. அவர் பொருளைப் பார்த்து, ஓரத்தில் துறையின் பெயரைக் குறித்து, கீழே அனுப்பிவிடுவார். மனுவை உண்மையில் படிக்கிறவர் பிரிவு எழுத்தர். அவர் படிப்பது பொருளையும் கடைசிப் பத்தியையும்தான். அவர் மேஜையில் அன்றைக்கு அதேபோல் அறுபது இருக்கும். ஐந்து கோரிக்கையும் ஒரே துறைக்கு உட்பட்டவை இல்லை என்பதால் மூன்று நகல் எடுப்பார். ஒன்று வட்டாட்சியருக்கு, ஒன்று நீர்வளத் துறைக்கு, ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. வட்டாட்சியர் அலுவலகம் "தூர்வாருதல் நீர்வளத் துறை சார்ந்தது" என்று எழுதும். நீர்வளத் துறை "ஆக்கிரமிப்பு வருவாய்த் துறை சார்ந்தது" என்று எழுதும். ஊராட்சி ஒன்றியம் "நிதி வரப்பெற்றவுடன் பரிசீலிக்கப்படும்" என்று எழுதும். மூன்றும் உண்மை. மூன்று பதிலும் சேர்ந்து உங்கள் மனுவை முடித்துவைத்துவிட்டன.

இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனுவில் எந்த ஒரு அதிகாரியும் "சரி, இதற்கு நான் உத்தரவு போடுகிறேன்" என்று பேனாவை எடுக்கக்கூடிய ஒரு வரி இல்லை. நான் இந்தப் பதிலில் சொல்ல வருவது இதைத்தான். அதிகாரியிடம் போகும்போது அவர் அதிகாரத்துக்குள் இருக்கிற, அவர் ஒருவரே போடக்கூடிய ஒரு கையெழுத்தைக் கேளுங்கள். நியாயத்தை மட்டும் கொண்டுபோனால் அவர் தலையாட்டுவார். என்ன உத்தரவு வேண்டும் என்று தெரிந்து போனால், போடுவார் அல்லது ஏன் போட முடியாது என்று சொல்வார். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் ஒரு படி முன்னால் போயிருப்பீர்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தக் கையெழுத்து எது?

கால்வாயில் தண்ணீர் ஓட வேண்டும் என்றால் வரிசையாகச் சில காகிதங்கள் நடக்க வேண்டும். கால்வாயின் எல்லையை நில அளவர் அளந்து காட்ட வேண்டும். எல்லைக்குள் யார் இருக்கிறார்கள் என்று பதிவாக வேண்டும். அவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7 ஆம் பிரிவில் நோட்டீஸ், 6 ஆம் பிரிவில் வெளியேற்றும் ஆணை. நீர்வளத் துறையின் ஏரி என்றால் 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் இருக்கிறது. ஆக்கிரமிப்பு போன பிறகுதான் பொறியாளர் தூர்வாருவதற்கு மதிப்பீடு போட முடியும். மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதி, நிதி, ஒப்பந்தப்புள்ளி. அப்புறம்தான் பொக்லைன் வரும்.

நீங்கள் மூன்று முறையும் கேட்டது பொக்லைனை. வரிசையின் கடைசியில் இருப்பதை. முதலில் கேட்க வேண்டியது அளவீட்டை. "எங்கள் ஊர்க் கால்வாயை அளந்து எல்லைக்கல் நட உத்தரவிடுங்கள்" என்று கேட்டால் அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், சென்னைக்கு எழுத வேண்டாம். வட்டாட்சியர் நில அளவருக்கு ஒரு உத்தரவு போட்டால் போதும். மறுப்பதற்குக் காரணம் தேடுவது கஷ்டம். வளைத்துப் போட்டவர்கள்கூட "அளக்கக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. அளந்து கல் நட்டுவிட்டால் அடுத்த காகிதத்தைக் கேட்க உங்கள் கையில் அரசாங்கமே எழுதிக் கொடுத்த ஆதாரம் இருக்கும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு அம்மா. மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்திருந்தார், அறுபது வயது இருக்கும். அவருக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் ஐந்து, பத்து நிமிடம் பேசினார்கள். அவர் எழுந்து, "ஐயா, கால்வாயில கல்லு எங்க நடணும்னு மட்டும் அளந்து காட்டச் சொல்லுங்க. கல்லை நாங்களே நட்டுக்கிறோம்" என்றார். அவ்வளவுதான். ஆட்சியர் நில அளவைத் துறை உதவி இயக்குநர் பக்கம் திரும்பி, "எப்போது முடியும்?" என்றார். எல்லோர் முன்னாலும் அவர் ஒரு தேதி சொல்ல வேண்டியதாயிற்று. நான் குறிப்பெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய குறிப்பில் தேதியோடு பதிவான ஒரே கோரிக்கை அதுதான்.

அடுத்து, யாரிடம் போவது. ஏரி யாருடையது என்று உங்கள் மனுவில் இல்லை. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு, ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக அது நீர்வளத் துறையின் ஏரி. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பழைய ஆட்கள் இன்னும் பொதுப்பணித் துறை என்றே சொல்வார்கள். 2021 இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்துவிட்டது. உங்கள் மனுவிலும் பொதுப்பணித் துறை என்றுதான் இருக்கிறது. சின்னப் பிழைதான், ஆனால் படிக்கிற எழுத்தருக்கு "இவர்களுக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை" என்று அது காட்டிக்கொடுத்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஏரியின் புல எண் (சர்வே எண்), கால்வாயின் புல எண், ஆயக்கட்டுப் பரப்பு மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம வரைபடத்தில் கால்வாய் ஓடும் இடத்தைப் பாருங்கள். அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேட்டில்) அது நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கிறதா, வாய்க்கால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அரசாங்கத்தின் காகிதத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதே வார்த்தையை உங்கள் மனுவில் போடுங்கள். ஊரில் நாம் "ஓடை" என்று சொல்லலாம். பதிவேட்டில் "வாய்க்கால்" என்று இருந்தால் மனுவிலும் வாய்க்கால்தான்.

அரசாங்கத்தின் காகிதத்தை அரசாங்கத்திடமே காட்டுவதற்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி சமீபத்திய சாட்சி. மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஊர்கள் கொதித்தன. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவையிலும் தீர்மானம் நிறைவேறியது, ஜனவரியில் விவசாயிகள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். கூட்டத்தின் பலம் பெரிதுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூட்டத்தின் கையில் ஒரு காகிதமும் இருந்தது. அரிட்டாபட்டி பகுதியைத் தமிழக அரசு 2022 நவம்பரிலேயே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் என்று அந்த மலைகளில் என்ன இருக்கிறது என்பது அரசுப் பதிவிலேயே இருந்தது. கேட்டதும் ஒரே விஷயம், ஏலத்தை ரத்து செய்யுங்கள். 2025 ஜனவரியில் ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் சுரங்கத் துறை அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ரத்துக்குச் சொன்ன காரணத்தில் பல்லுயிர் தலம் இடம் பெற்றது. பின்வாங்குவதற்கு ஓர் அரசாங்கத்துக்குக் கௌரவமான காரணம் தேவைப்படுகிறது. அந்தக் காரணம் முன்கூட்டியே காகிதத்தில் இருந்தால் வேலை சுலபமாகிறது.

மிகைப்படுத்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என்னை இன்னும் உறுத்துகிற விஷயம். ஒரு ஊரிலிருந்து உங்களுடையதைப் போலவே ஒரு மனு வந்தது. "500 ஏக்கர் பயிர் காய்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். பதிவேட்டில் அந்த ஏரியின் ஆயக்கட்டே 86 ஏக்கர்தான். விசாரித்தவர் "மனுவில் கூறப்பட்டுள்ளவை உண்மைக்கு மாறானவை" என்று ஒரே வரியில் அறிக்கை எழுதினார். கால்வாய் அடைபட்டிருந்தது உண்மை. 86 ஏக்கர் காய்ந்ததும் உண்மை. அந்த 500 எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. 86 ஏக்கர், இத்தனை குடும்பம் என்று எழுதியிருந்தாலே படிக்கிறவர் மனது இளகியிருக்கும். உங்கள் மனுவில் "ஆயிரக்கணக்கான விவசாயிகள்" என்று இருக்கிறது. ஊரில் எத்தனை வீடு? எண்ணி எழுதுங்கள். கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் கடைசி மூன்று வருடம் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று இருக்கும். "முன்பு இரண்டு போகம், இப்போது ஒரு போகமும் நிச்சயமில்லை" என்பது அடங்கலில் தெரிந்தால் அதை எடுத்துக்காட்டுங்கள்.

அதே மாதிரி கையெழுத்துப் பக்கங்கள். நானூறு கையெழுத்து வாங்கி இணைத்திருக்கிறீர்கள், அதில் பாதி ஒரே ஆள் போட்டது என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஆயக்கட்டில் நிலம் இருக்கிற நாற்பது பேர் தங்கள் பட்டா எண்ணோடு போட்ட கையெழுத்து அந்த நானூறை விடப் பெரியது. பெயர் போடாத மொட்டை மனுவை எப்போதும் அனுப்பாதீர்கள், பயம் இருந்தாலும்கூட. பயம் இருந்தால் சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள்.

இப்போது எழுத்து. ஒரு அலுவலக ரகசியம் சொல்கிறேன். மனுவை வைத்து எழுத்தர் ஒரு குறிப்பு எழுதுவார்: "மனுதாரர் இன்னின்ன ஊரைச் சேர்ந்தவர். இன்னது கேட்கிறார். எனவே இன்னது செய்யலாமா என்று உத்தரவு வேண்டப்படுகிறது." இந்தக் குறிப்பின் மேல்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். அவசரத்தில் இருக்கிற எழுத்தர் உங்கள் மனுவிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து எழுத முடிந்தால் எடுத்துவிடுவார். முடியாவிட்டால் அவராக ஒன்று எழுதுவார், அது நீங்கள் கேட்டதாக இருக்காது. ஆகவே அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். பொருளில் ஒருமுறை, கடைசிப் பத்தியில் ஒருமுறை. "தக்க நடவடிக்கை", "ஆவன செய்யுமாறு" என்ற சொற்களை விட்டுவிடுங்கள். எது தக்க நடவடிக்கை என்று முடிவு செய்யும் வேலையை அவரிடம் விட்டால் மனுவை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புவதே தக்க நடவடிக்கை ஆகிவிடும்.

ஒரே பக்கம் போதும். முந்தைய மனுக்களின் எண்ணை "பார்வை" என்ற இடத்தில் தேதியோடு போடுங்கள். பதில் கடிதம் வந்திருந்தால் அதன் ந.க. எண்ணையும் (கோப்பு எண்) போடுங்கள். பழைய கோப்பு அதை வைத்துத்தான் வெளியே வரும். இரண்டு புகைப்படம், கிராம வரைபடத்தின் நகலில் அடைபட்ட இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டது, இவை பின்னிணைப்பு. வரலாற்றை எடுத்துவிடுங்கள். எனக்கும் அந்த முதல் பக்கம் பிடித்திருந்தது. ஊர் மலருக்கு எழுதலாம், அங்கே அது அழகாக இருக்கும்.

நேரில் பேசுவது. இருபது பேர் போகாதீர்கள், மூன்று பேர் போதும். ஒருவர் பேச வேண்டும், ஒருவர் காகிதத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒருவர் சொன்னதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூவரில் ஒருவராவது அந்தக் கால்வாய்த் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கிற பெண்ணாக இருந்தால் நல்லது. வயலில் என்ன நடக்கிறது என்று அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்டால் சங்கத் தலைவரை விட அவருக்குத்தான் பதில் தெரியும். மனுவைப் படித்துக் காட்டாதீர்கள், அவர் கையில் இருக்கிறது. முதல் வாக்கியத்திலேயே ஊர், விஷயம், வேண்டிய உத்தரவு. "வணக்கம் ஐயா, இன்ன ஊரிலிருந்து வருகிறோம், வரத்து வாய்க்காலை அளந்து கல் நட நில அளவருக்கு உத்தரவு வேண்டும்." அம்மாவாக இருந்தால் அம்மா. அவர் கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததற்குத் "தெரியாதுங்க, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர்களை அதிகாரிகள் நம்புவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

முந்தைய அதிகாரியைக் குறை சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். உங்களுக்கு எதிரில் இருப்பவர் அடுத்த மாதம் அவரோடு ஒரே கூட்டத்தில் உட்காரப் போகிறவர். கோபம் நியாயமானதுதான். மூன்று முறை அலைந்த யாருக்கும் வரும். அந்தக் கோபத்தை "இது நான்காவது மனு, முதல் மனு கொடுத்த தேதி இது" என்ற ஒரு வரிக்குள் வைத்துவிடுங்கள். எழுந்து வரும் முன் ஒரு கேள்வி கட்டாயம்: "இது யாரிடம் போகும், நாங்கள் எந்தத் தேதியில் வந்து கேட்கலாம்?" அன்று மாலையே நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள். "தாங்கள் இன்ன தேதிக்குள் அளவீடு செய்ய நில அளவருக்கு உத்தரவிடுவதாகக் கூறியதற்கு நன்றி" என்று. வாயால் சொன்னது அப்போது கோப்புக்குள் வந்துவிடும்.

சரி, எம்எல்ஏ. இவரிடம் பேசும் முறையே வேறு. கால்வாயை அளக்க உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர் கையில் இருப்பது அவருடைய குரல், கடிதத்தாள், தொகுதி மேம்பாட்டு நிதி ஆகிய மூன்றும்தான். நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், தொகுதி முழுக்கப் பங்கு போட வேண்டும். உங்கள் மனுவின் நகலையே அவரிடமும் கொடுத்ததால்தான் "பார்க்கலாம்" என்றார். வேறு என்ன சொல்வார்? அவரிடம் மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். "வட்டாட்சியருக்கு உங்கள் கடிதத்தாளில் ஒரு பரிந்துரை வேண்டும்" என்று கேட்டு, வாசகத்தையும் நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். அவருடைய உதவியாளரிடம் இரண்டு நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், நல்ல உதவியாளர் பாதி வேலையை முடித்துவிடுவார். அல்லது "பேரவையில் நீர்வளத் துறை மானியக் கோரிக்கையில் பேசும்போது எங்கள் ஏரியின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். துறைக்கு நிதி ஒதுக்கும் விவாதம்தான் மானியக் கோரிக்கை. அதற்கு மூன்று வரிக் குறிப்பு போதும். எதிர்க்கட்சி எம்எல்ஏ என்றாலும் தயங்காதீர்கள், கேள்வி கேட்கும் உரிமை அவருக்கும் அதேதான். 2022 இல் முதலமைச்சர் 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கேட்டு வாங்கினார். ஒரு தொகுதியில் எத்தனையோ ஊர், பட்டியலில் இடம் பத்து. அந்த மாதிரிச் சமயத்தில் ஒரே வரியில் சொல்லக்கூடிய கோரிக்கைதான் ஏறும்.

அரசியல்வாதிகளிடம் எது எடுபடும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் உட்காரும் உரிமை. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்ய வேண்டியிருந்தது. கழிப்பறைக்குப் போகக்கூட வழியில்லை. விஜி என்ற தையல் தொழிலாளி பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கி வருடக்கணக்கில் போராடினார். 2018 இல் கேரளா தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் மசோதா வந்து, 1947 ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும்.

இந்தக் கோரிக்கையை யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்களுக்குக் குறைந்த சம்பளம், நீண்ட வேலை நேரம் என்று ஆயிரம் துன்பம். அத்தனையையும் ஒரு மனுவில் எழுதியிருந்தால் "தொழிலாளர் நலன் கருதி" என்று ஒரு வாக்கியத்தோடு போயிருக்கும். அவர்கள் ஒரு நாற்காலியைக் கேட்டார்கள். எந்த எம்எல்ஏவும் அதைத் தன் வீட்டில் விளக்க முடியும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன எல்லோரும் அந்தப் பெண்கள் நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அரசு கஜானாவிலிருந்து காசு போகாது. "வேறு எங்காவது இப்படி இருக்கிறதா?" என்று செயலகத்தில் கேட்டால் கேரளாவைக் காட்டலாம். கடைசிக் காரணம் மிக முக்கியம். புதிதாக ஒன்றை முதன்முதலில் செய்ய அதிகாரிகள் அஞ்சுவார்கள், தணிக்கை வரும், வழக்கு வரும். பக்கத்தில் ஏற்கெனவே செய்திருந்தால் அந்த அச்சம் பாதி போய்விடும். உங்கள் வட்டத்திலேயே வேறு ஊர்க் கால்வாயை அளந்து கல் நட்டிருந்தால் அந்த உத்தரவின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். அதை இணைத்தால் உங்கள் மனு இரட்டிப்பு பலம் பெறும்.

வளைத்துப் போட்ட மூன்று பேரைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் எம்எல்ஏ தயங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அவர்களும் வாக்காளர்கள், உங்கள் ஊர்க்காரர்கள், ஒருவர் உங்களுக்கு மாமனோ மச்சானோ ஆகக்கூட இருக்கலாம். மனுவில் "சமூக விரோதிகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் இருக்கும் வரை உங்களோடு நிற்பது என்றால் அவர்களுக்கு எதிராக நிற்பது என்று எம்எல்ஏவுக்கு ஆகிவிடுகிறது. "எல்லை எது என்று அளந்து சொல்லுங்கள், இரு தரப்பும் ஏற்கிறோம்" என்றால் அவர் யார் பக்கமும் சாயாமல் உதவ முடியும். முடிந்தால் அந்த மூவரிடமும் முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள், அளவீட்டுக்கு மனு கொடுக்கப் போகிறோம் என்று. நான் பார்த்த ஊர்களில் கல் நட்டவுடன் தானாகவே வரப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஒதுங்காதவர்களுக்கு நோட்டீஸ் இருக்கிறது.

காலத்தைக் கவனியுங்கள். தூர்வாரும் நிதி வேண்டுமென்றால் மார்ச்சில் கேட்டுப் பயனில்லை. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்துக்கான பட்டியல் துறைகளில் அக்டோபர், நவம்பரிலேயே தயாராக ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே அளவீடு முடிந்து, செயற்பொறியாளரிடம் மதிப்பீடு கேட்டிருக்க வேண்டும். அளவீட்டைக் கோடையில், கால்வாய் காய்ந்திருக்கும்போது கேளுங்கள். மழைக்காலத்தில் அளவுச் சங்கிலி இழுக்க முடியாது என்பார்கள், அது உண்மையும்கூட. வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூன் 30 இல் முடியும், அதையொட்டி வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் மேஜை மேல் இருக்கும் நாள் அது. அதிகாரியும் எழுத்தரும் கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். உங்கள் மனுவுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

கிராம சபைத் தீர்மானத்தை விட்டுவிட்டீர்கள். முன்பு ஆண்டுக்கு நான்கு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு முறை கூடுகிறது. "இன்ன புல எண்ணில் உள்ள வரத்து வாய்க்காலை அளவீடு செய்யக் கோருவது" என்று தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். தனி ஆளின் மனு அப்போது ஊரின் மனு ஆகிவிடும்.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க்கு நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். "எங்கள் இன்ன தேதி மனுவின் மேல் எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல், அது தற்போது எந்த அலுவலரிடம் நிலுவையில் உள்ளது" என்று கேளுங்கள். முப்பது நாளில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. பல நேரம் இந்தக் கடிதம் போனவுடனேயே கோப்பு நகர்ந்துவிடும், நகல் எடுக்கக் கோப்பைத் தேடி எடுக்க வேண்டுமே. முதலமைச்சரின் 1100 உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் அதிலும் அதே ஒரு வரிக் கோரிக்கையைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதுவும் அதே மூன்று அலுவலகங்களுக்குப் பிரிந்து போகும். கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தாலும், "இந்த மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்று உத்தரவு வாங்கவே தேதியும் ரசீதும் உள்ள தெளிவான மனு வேண்டும். எல்லா ரசீதையும் ஒரு பையில் போட்டு ஒரே வீட்டில் வையுங்கள்.

பத்திரிகைக்குச் சொல்வது தப்பில்லை, ஆனால் மனு கொடுத்துப் பதில் வரும் காலம் முடிந்த பிறகு. முதல் நாளே செய்தி வந்தால் அதிகாரி பதில் அறிக்கை தயாரிக்கும் வேலையில் இறங்கிவிடுவார், உங்கள் வேலை நின்றுவிடும். கையெழுத்து வாங்க யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த காகிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வந்துவிடும், உங்கள் வரிசையில் இன்னும் ஆறு காகிதம் இருக்கிறது.

உங்கள் மனுவை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பெறுநர்: வட்டாட்சியர், ______ வட்டம்.

பொருள்: ______ கிராமம், புல எண் ____ இல் உள்ள ஏரி வரத்து வாய்க்காலை அளவீடு செய்து எல்லைக்கல் நட நில அளவருக்கு உத்தரவிடக் கோருதல்.

பார்வை: 1. எங்கள் மனு எண் ____, நாள் ____. 2. கிராம சபைத் தீர்மான எண் ____, நாள் ____.

ஐயா / அம்மா,

மேற்படி வாய்க்கால் கிராமக் கணக்கில் ______ என்று பதிவாகியுள்ளது. அதன் மூலம் ____ ஏக்கர் ஆயக்கட்டுள்ள எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. வரைபடத்தில் வட்டமிட்ட இடத்தில் ஏறக்குறைய ____ மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் அடைபட்டுள்ளது. கடந்த ____ ஆண்டுகளாக ஏரி நிரம்பவில்லை. ____ குடும்பங்கள் சாகுபடி செய்ய முடியவில்லை. வாய்க்காலின் எல்லை எது என்பதில் ஊரில் கருத்து வேறுபாடு உள்ளது. ஆகவே மேற்படி புல எண்ணை அளவீடு செய்து எல்லைக்கல் நட நில அளவருக்கு உத்தரவிடுமாறும், அளவீட்டு நாளை எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அளவீட்டுக்கு வேண்டிய ஆட்களையும் கற்களையும் ஊர் சார்பில் தருகிறோம்.

இணைப்பு: கிராம வரைபட நகல், புகைப்படம் 2, கிராம சபைத் தீர்மான நகல், ஆயக்கட்டுதாரர் ____ பேரின் கையெழுத்து.

இவ்வளவுதான். மதகு, கருவேலம், சாலை மூன்றையும் தனித்தனி மனுவாக, தனித்தனி அலுவலகத்துக்கு, அளவீடு முடிந்த பிறகு எழுதலாம். வட்டாட்சியரிடம் கொடுத்து முப்பது நாள் கழித்தும் அசைவில்லை என்றால், இதே மனுவை நகலோடு ஆட்சியரின் திங்கட்கிழமைக்குக் கொண்டுபோங்கள். புல எண்களை வாங்கியதும் எனக்கு அனுப்புங்கள், ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன். அளவீட்டு நாள் குறித்தால் அன்று காலை சங்கிலி பிடிக்க நான்கு இளைஞர்களைத் தயாராக வைத்திருங்கள். நில அளவர் தனியாகத்தான் வருவார்.